மீக்கடத்தி மென்படலத்தின் காந்த அளவீடு: அறிகுறி பார்த்துக் கோளாறு நீக்குவது

ஸ்குவிட் காந்தமானிக்குள் (மிக நுண்ணிய காந்தத்தையும் அளக்கும் கருவி) ஒரு மீக்கடத்தி மென்படலத்தை இறக்கி, குளிர்வித்து, சிறு புலம் கொடுத்து, வெப்பநிலையை மெல்ல ஏற்றியபடி காந்தத் திருப்புத்திறனை அளந்துவிட்டீர்கள். திரையில் வந்த வளைவு பாடப்புத்தகத்தில் இருப்பதுபோல் இல்லை. குறி மாறியிருக்கிறது, அல்லது மாற்றம் அகன்று கிடக்கிறது, அல்லது மாறுநிலை வெப்பநிலைக்கு (மீக்கடத்தல் தொடங்கும் வெப்பநிலை) மேலேயும் ஒரு வால் நீள்கிறது.

அந்த வால்தான் பலரின் தூக்கத்தைக் கெடுக்கிறது. மீக்கடத்தல் நிலைகொள்வதற்குச் சற்று முன்பே எலக்ட்ரான் இணைகள் கணநேரம் தோன்றித் தோன்றி மறைகின்றன. இந்த ஏற்ற இறக்கம் மாறுநிலைக்கு மேலே ஒரு மெல்லிய டயா காந்தத்தை (புலத்துக்கு எதிரான காந்தத்தை) தரும். தேடுவது அதைத்தான். ஆனால் அழுக்கு, சீரற்ற புலம், சீரற்ற படலம் ஆகிய மூன்றுமே அதே இடத்தில் அதே மாதிரி வாலைப் போடும். அதனால் மற்ற அறிகுறிகளை முதலில் முடித்துவிட்டு, வாலைக் கடைசியில் எடுத்துக்கொள்வோம்.

முதலில் ஒரு கணக்கு

கீழே வரும் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரிப் படலத்தை வைத்துக்கொள்கிறேன்: மெக்னீசியம் ஆக்சைடு அடித்தளத்தின் மேல் நையோபியம் நைட்ரைடு, 5 மிமீ × 5 மிமீ, தடிமன் 100 நானோமீட்டர், அடித்தளத்தின் தடிமன் அரை மிமீ. மாறுநிலை வெப்பநிலை சுமார் 15 கெல்வின்.

புலத்தை முழுதாகத் தடுக்கும் மெல்லிய வட்டத்தட்டுக்குச் செங்குத்தாகப் புலம் கொடுத்தால், அதன் திருப்புத்திறன் ஆரத்தின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது. தடிமன் கணக்கிலேயே வராது. நம் படலத்தை 2.5 மிமீ ஆரமுள்ள தட்டாக எடுத்தால், 10 காஸ் புலத்தில் சுமார் 0.03 இஎம்யு (திருப்புத்திறனின் அலகு) வரும். அதே படலத்தைப் புலத்துக்கு இணையாக வைத்தால் அதிகபட்சம் 2 × 10⁻⁶ இஎம்யு. அதுவும் ஊடுருவு ஆழம், அதாவது புலம் மீக்கடத்திக்குள் நுழையும் தூரம், பூஜ்யமாக இருந்தால்தான். 200 நானோமீட்டர் ஊடுருவு ஆழத்துக்கு அதில் இரண்டு சதவீதம்தான் மிஞ்சும், அதாவது 4 × 10⁻⁸ இஎம்யு. வழக்கமான ஸ்குவிட் கருவிகள் நம்பகமாகப் பார்க்கும் எல்லை 10⁻⁸ இஎம்யு அளவில் இருக்கிறது. இந்த நான்கு எண்களையும் நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பாதிப் பிழைகளை இவையே காட்டிக்கொடுக்கும்.

செங்குத்துப் புலத்தில் கிடைத்த எண்ணைப் படலத்தின் கன அளவால் வகுத்துவிட்டு, காந்த ஏற்புத்திறன் ஆயிரத்துக்கு மேல் வருகிறதே என்று பதறுபவர்கள் உண்டு. அது பிழையே இல்லை. தட்டையான வடிவத்தால் வரும் காந்தநீக்க விளைவு அந்தப் பெருக்கத்தைத் தருகிறது. மென்படலத்துக்குக் கன அளவால் வகுக்காதீர்கள், திருப்புத்திறனாகவே வரையுங்கள்.

அறிகுறி: வளைவின் குறி தலைகீழாக இருக்கிறது

புலத்தோடு குளிர்வித்த வளைவு நேர்குறியில் போகிறது. அல்லது புலமின்றிக் குளிர்வித்த வளைவு ஒழுங்காக எதிர்குறியில் தொடங்கி, மாறுநிலைக்குச் சற்று கீழே பூஜ்யத்தைத் தாண்டி ஒரு சிறு கூம்பு போட்டுவிட்டு இறங்குகிறது.

முதல் சந்தேகம் காந்தத்தின் மேல். மீக்கடத்திக் காந்தத்தை ஒருமுறை சில டெஸ்லாவுக்கு ஏற்றி இறக்கினால், திரையில் 0 என்று காட்டினாலும் உள்ளே சில காஸிலிருந்து சில பத்து காஸ் வரை எச்சப் புலம் தங்கிவிடும். பெரும்பாலும் அது முன்பு கொடுத்த புலத்துக்கு எதிர்த்திசையில் இருக்கும். நீங்கள் +10 என்று கொடுத்திருப்பீர்கள், படலத்தின் மேல் உண்மையில் இருப்பது −5. எதிர்ப்புலத்தை வெளியே தள்ளும் மீக்கடத்தி நேர்குறி காட்டத்தான் செய்யும். அந்தக் கூம்பும் இப்படித்தான் வருகிறது: கீழ் வெப்பநிலையில், நீங்கள் புலத்தை மாற்றியதை எதிர்க்கும் ஓட்டம் மேலோங்கி நிற்கிறது. மாறுநிலையை நெருங்கும்போது சுழல்களின் (படலத்துக்குள் நுழைந்து மாட்டிக்கொண்ட காந்தப் பாய இழைகளின்) பிடிப்பு தளர்ந்து, உண்மைப் புலத்துக்கான சமநிலை எதிர்வினை வெளியே தெரிகிறது.

இதற்குச் செய்ய வேண்டியது: படலத்தை மாறுநிலைக்கு மேலே கொண்டுபோய், காந்தத்தை இருபுறமும் மாறி மாறிக் குறைந்துகொண்டே வரும் அலைவில் பூஜ்யத்துக்கு இறக்குங்கள். கருவியில் காந்தத்தைச் சூடாக்கி மீட்டமைக்கும் வசதி இருந்தால் அது இன்னும் நல்லது. அப்புறம் எச்சம் எவ்வளவு என்று அளங்கள். பல்லேடியம் போன்ற பாரா காந்த மாதிரியை (புலத்தின் திசையிலேயே காந்தமாகும் பொருளை) வைத்து −20 முதல் +20 காஸ் வரை அளந்து, திருப்புத்திறன் எந்தத் திரை எண்ணில் பூஜ்யத்தைக் கடக்கிறதோ அதுதான் உண்மையான பூஜ்யம். இதற்கு அரை மணி நேரம் ஆகும். தவிர்க்கக் கூடாத அரை மணி நேரம்.

இன்னொரு வகையும் உண்டு. முந்தைய அளவீடு முடிந்து புலத்தைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தபோது படலம் குளிர்ந்தே இருந்தால், சுழல்கள் உள்ளே மாட்டிக்கொள்ளும். அப்போது ஆரம்பப் புள்ளியே பெரிய நேர்குறியில் நிற்கும். நிரல் எழுதும்போது 'சூடாக்கு, பிறகு பூஜ்யப் புலம், பிறகு குளிர்வி' என்ற வரிசை தவறாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

நையோபியம் தட்டுகளில் பாரா காந்த மெய்ஸ்னர் விளைவு, அதாவது புலத்தோடு குளிர்வித்தால் நேர்குறி காட்டுவது, என்று ஒன்று உண்மையிலேயே உண்டு. அதை அறிவிக்கும் ஆசை வந்தால், மேலே சொன்ன இரண்டையும் அடுத்து வரும் அறிகுறியையும் தாண்டிய பிறகு யோசியுங்கள்.

அறிகுறி: உணர்சுருள் வழியே வரும் மின்னழுத்த வளைவு கோணலாக இருக்கிறது

கருவி தரும் ஒற்றை எண்ணை மட்டும் பார்த்தால் இந்தக் கோளாறு தெரியவே தெரியாது. மாதிரி உணர்சுருள்கள் வழியே நகரும்போது வரும் மூல மின்னழுத்த வளைவைத் திறந்து பாருங்கள். நடுவில் ஒரு பெரிய முகடு, இருபுறமும் சமமான இரண்டு பள்ளங்கள் என்று சமச்சீராக இருக்க வேண்டும். ஒருபுறம் சரிந்திருந்தாலோ, நடு முகடு இரண்டாகப் பிளந்திருந்தாலோ அந்த எண்ணை நம்பாதீர்கள்.

காரணம் இதுதான். பழைய வகைக் கருவிகளில் மாதிரி 4 சென்டிமீட்டர் வரை நகரும். அந்தத் தூரத்தில் புலம் முழுக்கச் சீராக இருப்பதில்லை. சாதாரண உப்புக்கு அது ஒரு பொருட்டல்ல. ஆனால் மீக்கடத்திப் படலம் தான் கண்ட புலத்தின் வரலாற்றை மறப்பதில்லை. நகரும்போது புலம் சிறிது ஏறி இறங்கினாலே உள்ளே ஒரு குட்டி ஹிஸ்டெரிசிஸ் வளையம் (புலம் ஏறும்போது ஒரு வழி, இறங்கும்போது வேறு வழி) ஓடிவிடும். மென்பொருளோ மாதிரியின் திருப்புத்திறன் வழியெங்கும் மாறாது என்று எடுத்துக்கொண்டு வளைவைப் பொருத்துகிறது. தப்பான அடிப்படையில் சரியாகப் பொருத்திய எண்தான் கிடைக்கும்.

நகரும் தூரத்தை 1 அல்லது 2 சென்டிமீட்டராகக் குறையுங்கள். அதிர்வு முறை இருந்தால் அதற்கு மாறுங்கள், வீச்சு சில மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். தூரத்தை மாற்றியதும் திருப்புத்திறனும் மாறினால் காரணம் உறுதி.

மையம் பற்றியும் ஒரு எச்சரிக்கை. மாறுநிலைக்கு அருகே சமிக்ஞை பூஜ்யத்தை நெருங்குகிறது. மென்பொருள் மையத்தைத் தானே தேடிக்கொள்ள விட்டிருந்தால், அங்கே தேடுவதற்கு ஒன்றும் இல்லாததால் இரைச்சலில் எதையோ பிடித்துக்கொள்ளும். நேர்குறியும் எதிர்குறியுமாகப் புள்ளிகள் தெறிக்கும். குளிர்ந்த நிலையில், சமிக்ஞை பெரிதாக இருக்கும்போது மையத்தைக் கண்டுபிடித்து, அதை நிலையாக வைத்துப் பொருத்துங்கள். ஏற்ற இறக்கம் தேடும் பகுதியில் மையத்தை ஒருபோதும் அலையவிடாதீர்கள்.

அறிகுறி: இணைப் புலத்தில் சமிக்ஞை கணக்கைவிடப் பெரிதாக வருகிறது

இங்கே அந்த நான்கு எண்களும் வேலை செய்யும். நம் படலத்துக்கு இணைப் புலத்தில் 4 × 10⁻⁸ இஎம்யு வர வேண்டும். வந்ததோ 10⁻⁵. படலம் ஒரே ஒரு டிகிரி சாய்ந்திருந்தால் போதும்: 10 காஸில் செங்குத்துப் பங்கு 0.17 காஸ். அது படலத்துக்குச் செங்குத்தாக 6 × 10⁻⁴ இஎம்யு உண்டாக்கும். அதன் நிழல் அளவிடும் அச்சில் 10⁻⁵ இஎம்யு விழும். எதிர்பார்த்த சமிக்ஞையைப்போல் 250 மடங்கு. பிளாஸ்டிக் உறிஞ்சுகுழலுக்குள் கையால் செருகிய படலம் ஒரு டிகிரிக்குள் நேராக நிற்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

குறுக்குத் திசைத் திருப்புத்திறனை அளக்கும் சுருள் இருந்தால் சாய்வை நேரடியாகவே பார்த்துவிடலாம். இல்லையென்றால், படலத்தை எடுத்துத் திரும்ப வைத்து அளங்கள். எண் ஒவ்வொரு முறையும் மாறினால் நீங்கள் அளப்பது சாய்வைத்தான். பெரும்பாலான வேலைக்குச் செங்குத்து வடிவத்தையே தேர்ந்தெடுப்பது நல்லது என்பது என் கருத்து.

அறிகுறி: மாற்றம் அகலமாக இருக்கிறது

கொடுத்த புலம் எவ்வளவு? செங்குத்துப் புலத்தில் படலத்தின் ஓரங்களில் புலம் பல மடங்கு குவிகிறது, அதனால் 10 காஸிலேயே சுழல்கள் ஓரம் வழியே நுழைந்துவிடும். 10, 1, 0.1 காஸ் என்று இறக்கிக்கொண்டே போய், புலத்தால் வகுத்த வளைவுகளை ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள். புலம் குறையக் குறைய மாற்றம் கூர்மையானால் அகலத்துக்குக் காரணம் சுழல்கள். எச்சப் புலத்தைத் துல்லியமாக அறியாமல் 0.1 காஸில் அளப்பதில் அர்த்தமில்லை என்பதைச் சொல்லவே வேண்டாம்.

அடுத்தது வெப்பமானி. ஏற்றும்போதும் இறக்கும்போதும் அளங்கள். இரண்டு வளைவும் இடம் விலகியிருந்தால் மாதிரியும் வெப்பமானியும் ஒரே வெப்பநிலையில் இல்லை. வேகத்தைப் பாதியாக்குங்கள், அல்லது ஒவ்வொரு புள்ளியிலும் நின்று அளங்கள். வெப்பமானியின் அளவுகோலையே சந்தேகித்தால் ஈயத் துண்டும் நையோபியத் துண்டும் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். ஈயம் 7.2 கெல்வினிலும், தூய நையோபியம் 9.25 கெல்வின் அருகிலும் மாற வேண்டும்.

இரண்டும் சரியாக இருந்தும் அகலம் போகவில்லையா? படலமே சீரற்றது. தெளித்துப் படிய வைத்த படலத்தில் நடுவுக்கும் ஓரத்துக்கும் தடிமனும் கலவையும் வேறுபடுவது சகஜம். மனம் வராதுதான், ஆனாலும் படலத்தை நான்காக வெட்டி ஒவ்வொன்றையும் தனியே அளங்கள். நான்கு துண்டும் நான்கு வெப்பநிலையில் மாறினால் விடை கிடைத்துவிட்டது. இந்தச் சோதனையைச் செய்யாமல் அகலத்தை ஏற்ற இறக்கத்தின் கணக்கில் எழுதிய வரைபடங்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

அறிகுறி: 43 முதல் 55 கெல்வினுக்குள் ஒரு மேடு

ஆக்ஸிஜன். மாதிரி அறைக்குள் காற்று கசிந்திருக்கிறது. ஆக்ஸிஜன் 54.4 கெல்வினில் உறைகிறது, 43.8 கெல்வினில் அதன் திண்ம நிலையே வேறொன்றாக மாறுகிறது, அதோடு காந்தப் பண்பும் மாறுகிறது. இன்னும் உயர்ந்த வெப்பநிலையில் மீக்கடத்தும் செப்பு ஆக்சைடு படலங்களை அளப்பவர்கள் இந்த மேட்டைப் புதிய இயற்பியலாக எண்ணிவிடக் கூடாது. அறையை 100 கெல்வினுக்கு மேல் கொண்டுபோய், பம்ப் வைத்து உறிஞ்சி, ஹீலியம் விட்டு, மறுபடி உறிஞ்சுங்கள். மூன்று நான்கு முறை செய்தும் மேடு திரும்ப வந்தால் வளையச் சீலைப் பாருங்கள்.

அறிகுறி: மாறுபுல அளவீட்டில் இழப்புக் கூம்பு இடம் மாறுகிறது

மாறுபுலத்தின் (திசை மாறி மாறி அலையும் புலத்தின்) வீச்சைக் கூட்டும்போது, ஆற்றல் இழப்பின் உச்சமான இழப்புக் கூம்பு கீழ் வெப்பநிலைக்கு நகர்ந்தால் கவலை வேண்டாம். படலம் அப்படித்தான் நடந்துகொள்ளும். வட்டத்தட்டுக்கு, மாறுநிலை மின்னோட்ட அடர்த்தியையும் தடிமனையும் பெருக்கி வரும் அளவுக்கு ஏறக்குறையச் சமமான வீச்சில் கூம்பு வர வேண்டும் என்று 1994இல் கிளெம், சாஞ்செஸ் இருவரும் காட்டினார்கள். இரண்டு கூம்புகள் தெரிந்தால் படலத்தில் இரண்டு பகுதிகள் இருக்கலாம். இழப்பு எதிர்குறியில் வந்தால் கட்டக் கோணம் (கொடுத்த புலத்துக்கும் சமிக்ஞைக்கும் இடையே உள்ள நேர விலகல்) தப்பு, கருவியைத் திரும்ப அளவுதிருத்தம் செய்யுங்கள்.

அறிகுறி: ஹிஸ்டெரிசிஸ் வளையத்தில் குறைந்த புலத்தில் பல்பல்லாக வெட்டுகிறது

மெக்னீசியம் டைபோரைடு படலம், வெப்பநிலை 10 கெல்வினுக்குக் கீழே என்றால் கருவியைத் திட்டாதீர்கள். காந்தப் பாயம் மரக்கிளை போலப் பிரிந்து பாய்ந்து நுழைவதை ஆஸ்லோ குழு காந்த ஒளியியல் படங்களில் காட்டியிருக்கிறது. வெப்பநிலையை ஏற்றினால் பற்கள் மறையும்.

அறிகுறி: மாறுநிலைக்கு மேலே வால்

இப்போது வாலுக்கு வருவோம். ஏற்ற இறக்கத்தால் எவ்வளவு திருப்புத்திறன் வர முடியும் என்று முதலில் போட்டுப் பார்த்துவிடலாம். படலம் ஒத்திசைவு நீளத்தைவிட (எலக்ட்ரான் இணையின் அளவைக் காட்டும் நீளம்) மெல்லியதாக இருக்கட்டும், 10 நானோமீட்டர் என்று வையுங்கள். நையோபியம் நைட்ரைடின் ஒத்திசைவு நீளம் பூஜ்ய வெப்பநிலையில் சுமார் 5 நானோமீட்டர். மாறுநிலைக்கு ஒரு சதவீதம் மேலே, அதாவது 0.15 கெல்வின் தள்ளி, அது 50 நானோமீட்டராக வளர்ந்திருக்கும். இருபரிமாணக் கோட்பாட்டின்படி நம் 5 மிமீ படலத்துக்கு 100 காஸ் புலத்தில் கிடைப்பது சுமார் 3 × 10⁻¹¹ இஎம்யு. கருவியின் எல்லையைவிட முந்நூறு மடங்கு சிறியது. புலத்தைக் கூட்டினாலும் பெரிதாகப் பயனில்லை. மாறுநிலையிலேயே நின்று அளந்தால்கூட இந்த விளைவு 10⁻⁹ இஎம்யுவுக்குக் கீழேயே தங்கிவிடும். அதே 100 காஸில் அடித்தளம் மட்டும் 10⁻⁶ இஎம்யு தருகிறது.

எனவே ஒற்றை நையோபியம் நைட்ரைடு படலத்தில் 10⁻⁷ இஎம்யு அளவுக்கு வால் தெரிந்தால் அது ஏற்ற இறக்கம் அல்ல. அப்படியானால் என்ன? மறுபடியும் அந்த மூன்றாம் அடுக்குக் கணக்கு: 10 காஸில் 10⁻⁷ இஎம்யு தருவதற்குப் புலத்தை முழுதாகத் தடுக்கும் 70 மைக்ரான் அகலத் திட்டு ஒன்று போதும். தலைமுடியின் தடிமன் அளவுக்கு ஒரு திட்டு, மற்ற இடத்தைவிட அரை கெல்வின் முன்னதாக மீக்கடத்தியாகிவிட்டால், அழகான வால் வந்துவிடும்.

1969இல் கோலப், பீஸ்லி, நியூபவர், டிங்காம் நால்வரும் இந்த டயா காந்தத்தை முதலில் அளந்தபோது எடுத்துக்கொண்டது மென்படலத்தை அல்ல, கட்டி இண்டியத்தை என்பதை நினைவில் வையுங்கள். செப்பு ஆக்சைடுகளில் நிலைமை கொஞ்சம் சாதகமானது. 100 நானோமீட்டர் தடிமனுக்குள் பல பத்துச் செப்பு-ஆக்ஸிஜன் அடுக்குகள் இருக்கின்றன, மாறுநிலையும் உயரம், அதனால் சமிக்ஞை 10⁻⁷ அளவை எட்ட முடியும். ஆனால் அதற்குப் பெரிய புலம் வேண்டும், அப்போது அடித்தளமும் சேர்ந்து பெருக்கும். பிரின்ஸ்டனில் ஓங் குழுவினர் படிகங்களில் முறுக்குவிசை முறையைக் கையாண்டது இதனால்தான்: திசைக்குத் திசை மாறும் பங்கை மட்டும் அது பிரித்தெடுக்கும்.

சரி, உங்கள் வால் அளவுக் கணக்கில் தேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இன்னும் மூன்று சோதனைகள் மிச்சம்.

முதலாவது, மீள்தன்மை. ஏற்ற இறக்கம் சமநிலை நிகழ்வு, அதற்கு வரலாறு கிடையாது. புலமின்றிக் குளிர்வித்த வளைவும் புலத்தோடு குளிர்வித்த வளைவும் வாலில் இம்மியும் பிரியக் கூடாது. பிரிந்தால் அங்கே சுழல்கள் மாட்டியிருக்கின்றன, அதாவது அங்கே ஏற்கெனவே மீக்கடத்தித் திட்டுகள் இருக்கின்றன.

இரண்டாவது, புலத்தோடு உள்ள உறவு. ஒத்திசைவு நீளம் 50 நானோமீட்டர் என்றால், ஏற்ற இறக்கம் சில நூறு காஸ் வரை புலத்துக்கு நேர் விகிதத்தில் வளர வேண்டும், ஆயிரம் காஸைத் தாண்டும்போதுதான் தளர ஆரம்பிக்கும். உங்கள் வால் 1 காஸுக்கும் 10 காஸுக்கும் இடையிலேயே தளர்ந்துவிட்டால் அது திட்டுகளின் வேலை. என் அனுபவத்தில் பெரும்பாலான வால்கள் இங்கேதான் விழுகின்றன.

மூன்றாவது, பின்னணி. படலம் பூசாத இன்னொரு அடித்தளத்தை அளந்து கழிப்பது போதாது. மெக்னீசியம் ஆக்சைடில் இரும்பு அசுத்தம் துண்டுக்குத் துண்டு வேறுபடும், அது குளிரும்போது பாரா காந்தமாக மேலேறும். அதே துண்டைப் பூசுவதற்கு முன்பே அளந்து வைத்திருந்தால் மிக நல்லது. இல்லையென்றால் எல்லா அளவீடும் முடிந்த பிறகு படலத்தை அரித்து நீக்கிவிட்டு அதே துண்டை அளங்கள். நியோடிமியம் காலேட், டிஸ்ப்ரோசியம் ஸ்காண்டேட் போன்ற அடித்தளங்களை இந்த வேலைக்குத் தொடவே தொடாதீர்கள், அவற்றின் பாரா காந்தத்தில் எல்லாம் மூழ்கிவிடும். எஃகு இடுக்கி பட்ட ஓரமும், பூச்சின்போது பின்புறம் தடவிய வெள்ளிப் பசையின் மிச்சமும் ஃபெர்ரோ காந்தத் துகள்களைக் கொண்டுவரக்கூடும். பிளாஸ்டிக் இடுக்கியை மட்டும் பயன்படுத்துங்கள்.

கீழிருந்து நெருங்குவது

உண்மையைச் சொன்னால், மென்படலத்தில் ஏற்ற இறக்கத்தைப் பார்க்க மாறுநிலைக்கு மேலே டயா காந்தம் தேடுவதைவிட எளிய வழிகள் இருக்கின்றன. ஒன்று மின்கடத்தல். அஸ்லமாசோவ், லார்கின் 1968இல் கணக்கிட்டபடி, இருபரிமாணப் படலத்தின் ஒரு சதுரத்துக்கான கூடுதல் கடத்துதிறன் 1.52 × 10⁻⁵ சீமென்ஸை, மாறுநிலையிலிருந்து வெப்பநிலை விலகும் விகிதத்தால் வகுத்தால் கிடைப்பது. அதில் பொருள் சார்ந்த எண் எதுவும் இல்லை.

இன்னொன்று, மாறுநிலைக்குக் கீழே இரண்டு சுருள் முறை. படலத்தின் ஒருபுறம் ஒரு சுருள், மறுபுறம் இன்னொன்று, இடையே கடந்துவரும் மாறுபுலத்தை அளந்து ஊடுருவு ஆழத்தைக் கணக்கிடுவது. படலத்தில் திரையிடும் தூரம் ஊடுருவு ஆழத்தின் இருமடியை இரட்டித்துத் தடிமனால் வகுத்து வருவது. 1964இல் இதைக் காட்டியவர் ஜூடியா பேர்ல், பிறகு கணினி அறிவியலுக்கு மாறி 2011ஆம் ஆண்டின் டூரிங் விருது பெற்றவரும் அவர்தான். பெரெசின்ஸ்கி–கோஸ்டர்லிட்ஸ்–தௌலஸ் மாற்றம், அதாவது மெல்லிய படலத்தில் எதிரெதிர்ச் சுழல் இணைகள் பிரிந்து மீக்கடத்தல் குலையும் மாற்றம், நடக்கும் இடத்தில் பேர்ல் நீளம் எனப்படும் இந்தத் திரையிடும் தூரத்தையும் வெப்பநிலையையும் பெருக்கினால் 1.96 சென்டிமீட்டர்-கெல்வின் வர வேண்டும். 15 கெல்வினில் அது 1.3 மிமீ. நம் 100 நானோமீட்டர் படலத்தில் இந்த இடம் மாறுநிலையிலிருந்து சில மில்லிகெல்வினுக்குள் ஒளிந்திருக்கும், பார்க்க முடியாது. சில நானோமீட்டர் படலத்தில் தெளிவாகப் பிரிந்து தெரியும். ஹெபார்டும் ஃபியோரியும் 1980இல் அலுமினியப் படலத்தில் இதற்குச் சான்று காட்டினார்கள். மும்பை டாடா ஆதார ஆராய்ச்சி நிலையத்தில் நையோபியம் நைட்ரைடு படலங்களில் இதே முறையில் விரிவாகச் செய்திருக்கிறார்கள்.

இந்த முறைக்கும் ஒரு கோளாறு உண்டு. ஆழ்ந்த குளிரிலும் இரண்டாவது சுருளில் மின்னழுத்தம் பூஜ்யத்துக்கு இறங்காமல் ஒரு மட்டத்தில் நின்றுவிடும். படலத்தின் ஓரத்தைச் சுற்றி வரும் புலம்தான் அது. அதே நீள அகலத்தில் தடித்த ஈயத் தகடு ஒன்றை வெட்டி, அதே இடத்தில் வைத்து 4.2 கெல்வினில் அளந்து, கிடைத்த மட்டத்தைக் கழித்துவிடுங்கள். படலத்தின் அளவு மாறும் ஒவ்வொரு முறையும் புதுத் தகடு வெட்ட வேண்டும்.